உப்பு ஜெயில் பேயும் என் சாட்சியமும்

எங்கள் ஓய்வு பெற்ற சிறைக் காவலர்களின் ஆண்டு மலருக்கு ஒரு பேய்க் கதை வேண்டும் என்று போன வாரம் இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இருவரும் இன்னும் பணியில் இருப்பவர்கள். மரியாதையாகச் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்தார்கள். சாத்துக்குடியோடு வருகிறவனைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்பது என் வழக்கம். முப்பது வருஷத்துக்கு மேல் பூட்டும் சாவியுமாக இருந்தவனுக்கு அந்தப் புத்தி லேசில் போகாது. "காப்பியில சர்க்கரை போட்டாலும் ஏன் போட்டேன்னு கேக்கிற மனுஷன்" என்று என் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருக்கிறாள்.

வந்தவர்கள் விஷயத்தைச் சொன்னார்கள். பட்டினப்பாக்கம் பக்கம் நிற்கும் உப்பு ஜெயிலின் பாழடைந்த சுவர்களை இடித்துவிட்டுக் குடியிருப்புக் கட்டப்போகிறார்களாம். கூலியாட்கள் உச்சிவேளையில் உள்ளே போக மாட்டேன் என்கிறார்களாம். "அங்க வேலை பார்த்தவங்கள்ல நீங்க ஒருத்தர்தான் சார் மிச்சம். அந்தப் பேய்க் கதை உங்க வாயால வந்தாத்தான் நல்லா இருக்கும்" என்றார் ஒருவர்.

அந்தக் கதைக்கு எத்தனை சட்டை மாட்டியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் சாந்தோமில் அது வெள்ளைக்காரச் சிப்பாய். போர்ச்சுகீசியர் காலத்துத் தொப்பியோடு நடப்பான். மயிலாப்பூரில் அது பிரம்மராட்சசன். முன்பு உப்புக் கிடங்கில் பொய்க் கையெழுத்துப் போட்ட குமாஸ்தாவாம். நொச்சிக்குப்பத்தில் கடலில் போய்க் கரை சேராதவன். ராயப்பேட்டை பாய்மார்கள் ஜின் என்பார்கள். ஆளுக்கொரு பேய் என்றாலும் எல்லாரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போவார்கள். வெளியே மணி எத்தனை அடிக்கிறதோ, உள்ளேயிருந்து அத்தனை தட்டுக் கேட்கும்.

கதையை எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன். ஆனால் வந்தவர்கள் நினைத்த கதை இல்லை இது. அந்தப் பேய்க்கு அப்பன் நான். அது எந்த நாளில், எந்த வாசலில், யாரை விரட்டுவதற்காகப் பிறந்தது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கும் வயதாகிறது, ஆகையால் சொல்லிவிடுகிறேன்.

நான் சிறைக் காவலில் சேர்ந்தது யுத்தம் தொடங்கிய சமயம். எங்கள் மாதா கோயில் பங்கில் படித்த பிள்ளைகள் வாத்தியார் வேலைக்குப் போவார்கள். படிப்பு ஏறாதவர்கள் காக்கி போடுவார்கள். நான் இரண்டாம் வகை. மூன்று மாதம் பயிற்சி என்று பெயர். சல்யூட் அடிக்கவும், பட்டைக்கு மெருகு போடவும், லத்தியை அக்குளில் இடுக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். மற்றதையெல்லாம் உப்பு ஜெயிலில் ஹெட் வார்டர் இஸ்மாயில் சாயபுதான் கற்றுக்கொடுத்தார்.

உப்பு ஜெயில் என்பது சின்னச் சிறை. கம்பெனி காலத்தில் உப்புக் கிடங்காக இருந்ததாம். ஆறு கொட்டடிகள், ஒரு முற்றம், கடைக்கோடியில் உப்பறை என்று ஓர் இருட்டறை. உப்பறைக்கு இரண்டு கதவு, வெளியே மரக்கதவு, உள்ளே இரும்புக் கம்பிக்கதவு. சுவர் இரண்டு முழக் கனம். காற்றுக்கு உயரத்தில் கை நுழையும் அளவுக்கு ஒரே ஓட்டை, அதுவும் கடல் பக்கம். உள்ளே நின்று கத்தினால் அலைச் சத்தத்தில் போய்விடும். அங்கே குளிர்ச்சி என்பதால் குடிதண்ணீர்ப் பானைகளை வைத்திருந்தோம்.

சாயபு மெலிந்த ஆள். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அத்தர் வாசனை வந்தால் ஐந்து நிமிஷத்தில் அவர் வருவார். சாவிக்கொத்தைத் தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் தினமும் ஒவ்வொன்றாகத் துடைப்பார். பூட்டைப் பூட்டியதும் மூன்று தரம் இழுப்பார். "முதல் இழுப்பு பூட்டுக்கு, ரெண்டாவது சாவிக்கு, மூணாவது உன் புத்திக்கு" என்பார். அவர் நம்பாதவர்களின் பட்டியலில் கைதிகள் கடைசியில்தான் இருந்தார்கள். முதலில் இருந்தவர்கள் வார்டர்கள். "கைதி ஓடணும்னு நினைக்கிறான், அது எனக்குத் தெரியும். நீ இன்னா நினைக்கிறேன்னு எனக்குத் தெரியாது, சவரி" என்று என்னிடமே சொன்னார். என் பெயர் சவரிமுத்து.

கணக்கெடுப்பை அவரிடம்தான் படித்தேன். காலையில் திறந்ததும், மாலையில் பூட்டும் முன்னும் கைதிகளை முற்றத்தில் ஜோடி ஜோடியாகக் குந்த வைக்க வேண்டும். வார்டர் வரிசையில் நடந்து லத்தி முனையால் தொட்டுத் தொட்டு ஜோடிகளை உரக்க எண்ண வேண்டும். கூடவே ஒரு கைதி நடப்பான். நன்னடத்தைக்காகக் கறுப்புத் தொப்பி கொடுக்கப்பட்டவன், தொப்பிக்காரன் என்போம். மற்றவர்களை மேய்ப்பது அவன் வேலை என்பதால் அவன் குந்துவதில்லை. எண்ணி முடித்ததும் வார்டர் வாசலைப் பார்த்துச் சொல்ல வேண்டும்: "ஜோடி முப்பத்தொண்ணு, தொப்பி ஒண்ணு, ஆக அறுபத்து மூணு."

தொப்பியை யாரும் தொட்டு எண்ணுவதில்லை. அவன்தான் பக்கத்திலேயே வருகிறானே. ஜெபத்தின் முடிவில் ஆமென் சொல்வதுபோல் 'தொப்பி ஒண்ணு' தானாக வாயில் வரும். வந்த புதிதில் எனக்கு இது சரியாகப் படவில்லை. பிறகு எல்லாரையும் போல எனக்கும் பழகிவிட்டது.

தொப்பிக்காரனுக்கு இன்னொரு கடமையும் உண்டு. ஜெயில் வாசலில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அதுதான் எங்கள் மணி. மணிக்கொரு தரம் காவலுக்கு நிற்கிறவன் அதைக் கட்டையால் அடிப்பான். வெளியே எத்தனை அடி விழுந்ததோ, அத்தனை தடவை தொப்பிக்காரன் உள்ளேயிருந்து கம்பியைத் தட்டிப் பதில் கொடுக்க வேண்டும். விழித்திருக்கிறேன், எல்லாம் சரி என்று அதற்கு அர்த்தம்.

நான் சொல்லும் காலத்தில் தொப்பிக்காரனாக இருந்தவன் எல்லப்பன். நொச்சிக்குப்பத்து மீனவன். படகுக்காரனைத் துடுப்பால் அடித்ததற்கு ஒரு வருஷம். என்னைவிடப் பத்து வயது பெரியவன். ஜெயிலில் எல்லாரும் அவன்தான், இவன்தான். அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன். படகுக்காரன் அந்த அடிக்குத் தகுதியானவன் என்று சாயபுவே சொல்வார். எல்லப்பனுக்கு இருபது நாள் தண்டனை பாக்கி இருந்தது. வீட்டில் தகப்பனார் படுத்த படுக்கை. "நான் போறவரைக்கும் நைனா தாங்குவாரு சார்" என்று தினமும் ஒரு தடவை என்னிடம் சொல்வான். ஒரே மகன். கொள்ளி வைக்க அவனை விட்டால் ஆளில்லை.

அந்தச் சித்திரையில் ஜப்பான்காரன் கப்பல் வருகிறது என்று ஊரே காலியானது. மயிலாப்பூர் மாடவீதியில் பூட்டாத வீடு இல்லை. ஒரு திங்கட்கிழமை காலை எங்களுக்கும் உத்தரவு வந்தது: கைதிகளை லாரியில் ஏற்றி வெளியூர் ஜெயிலுக்கு அனுப்பிவிட்டு, இங்கே பூட்டி அரக்கு முத்திரை வைக்க வேண்டும். காவலுக்கு சாயபுவும் நானும் மட்டும்.

முற்றத்தில் கைதிகள் குந்தியிருந்தார்கள். வெளியே இரண்டு லாரி உறுமிக்கொண்டிருந்தது. வழியில் குடிக்கத் தண்ணீர் ஏற்றவில்லை என்பது கடைசி நேரத்தில்தான் எனக்கு ஞாபகம் வந்தது. "எல்லப்பா, உப்பறையில போய் ஒரு பானை எடுத்துக்கினு வா" என்றேன். அவன் ஓடினான். லாரிக் காவல்காரர்கள் கத்த ஆரம்பித்தார்கள். நான் எண்ணினேன். லத்தியால் தொட்டு, முறையாக, ஒரு ஜோடி விடாமல். எண்ணி முடித்து வாசலைப் பார்த்துச் சொன்னேன்: "ஜோடி முப்பத்தொண்ணு, தொப்பி ஒண்ணு, ஆக அறுபத்து மூணு."

பக்கத்தில் தொப்பி இல்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. வாய் சொல்லிவிட்டது, எழுதிக்கொண்டார்கள், லாரிகள் கிளம்பிவிட்டன. பானை நினைவே எனக்கு வரவில்லை. அதே நேரத்தில் சாயபு கொட்டடி கொட்டடியாகப் பூட்டிக்கொண்டு வந்தார். உப்பறையின் வெளிக்கதவு திறந்திருந்தது. சாத்தினார், பூட்டினார், மூன்று தரம் இழுத்தார். உள்ளே எட்டிப் பார்த்தாரா என்று பிற்பாடு நான் கேட்டபோது அவர் சாவிக்கொத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

பத்து மணிக்கெல்லாம் ஜெயில் வெறிச்சோடிவிட்டது. பகல் காவல் எனக்கு. வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். மணி அடிப்பதை நிறுத்தச் சொல்லி உத்தரவு ஏதும் வரவில்லை. கைதி இல்லாத ஜெயிலுக்கு மணி எதற்கு என்று கேட்கிற அதிகாரம் எனக்கு இல்லை. அடித்தேன். பன்னிரண்டு மணிக்குப் பன்னிரண்டு அடித்துவிட்டுக் கட்டையைக் கீழே வைத்தபோது உள்ளே எங்கோ 'டங், டங்' என்று கேட்டது. எதிரொலி என்று நினைத்தேன். பெரிய வெயில், யாருமில்லாத சாலை, அலைச் சத்தம். எதிரொலி இவ்வளவு தாமதமாக வருமா என்று யோசித்தேன். பிறகு யோசிப்பதை நிறுத்தினேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை முழுக்கக் காதைத் தீட்டிவைத்துக்கொண்டு இருந்தேன். ஒவ்வொரு மணிக்கும் உள்ளே ஏதோ கேட்டமாதிரி இருந்தது, ஆனால் அலைச் சத்தத்தில் எண்ண முடியவில்லை. உச்சியில் அலை கொஞ்சம் அடங்கியிருந்தது, பன்னிரண்டு அடித்தேன். சற்றுப் பொறுத்து உள்ளே தட்டு ஆரம்பித்தது. இந்த முறை எண்ணினேன். சரியாகப் பன்னிரண்டு. செபமாலையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

சாயபு சாயங்காலம் வந்ததும் சொன்னேன். அவர் சாவிக்கொத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"காலி வீடு பேசும், சவரி. காது குடுத்தா இன்னும் பேசும்."

"திறந்து பார்த்துடலாமா சாயபு?"

"அரக்கு முத்திரை வெச்சிருக்கு. சூப்பரிண்டெண்ட் இல்லாம உடைச்சா நம்ம ரெண்டு பேர் வேலையும் போச்சு. எனக்கு இன்னும் ஒன்பது மாசம்தான் சர்வீசு. எலியா இருக்கும், வூட்டுக்குப் போ."

எலி பன்னிரண்டு வரை எண்ணுமா என்று நான் கேட்கவில்லை. இரவில் காவல் இருந்தவர் அவர்தான். அவருக்குக் கேட்காமலா இருந்திருக்கும்? இந்தச் சந்தேகம் எனக்கு இன்றுவரை தீரவில்லை.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே தந்தி வந்தது. லாரியிலிருந்து இறங்கியவர்கள் அறுபத்து இரண்டு பேர். ஒருவனைக் காணோம். காணாமல் போனவன் தொப்பிக்காரன் எல்லப்பன். வழியில் குதித்து ஓடிவிட்டான் என்று லாரிக் காவல்காரர்கள்மேல் விசாரணையாம்.

இங்கேதான் நான் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தந்தியைப் படித்த அந்த விநாடியில் எனக்குப் பானை ஞாபகம் வந்தது. உப்பறை ஞாபகம் வந்தது. மணிக்குப் பதில் தட்டுவது தொப்பிக்காரன் வேலை என்பதும் எனக்குத் தெரியாததல்ல. மூன்றையும் சேர்த்துப் பார்க்கப் பெரிய மூளை வேண்டாம். ஆனால் எல்லப்பன் வழியில் ஓடியிருந்தால் தப்பு லாரிக் காவல்காரர்களுடையது. உள்ளே இருந்தால் தப்பு என்னுடையது. பால்காரனிலிருந்து பங்குச் சாமியார் வரை எல்லாரையும் சந்தேகப்பட்ட நான், சந்தேகப்பட வேண்டிய அந்த ஒரு விஷயத்தைச் சந்தேகப்பட மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தேன். எல்லப்பன் ஓடியிருக்க வேண்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

புதன்கிழமை உச்சிவேளைக்குக் கொஞ்சம் முன்பு ஒரு பெண்பிள்ளை மணலில் வேகமாக நடந்து வந்தாள். எல்லப்பனின் பெண்சாதி கன்னியம்மா. மனுப் போட்டுப் புருஷனைப் பார்க்க வரும்போது பார்த்திருக்கிறேன். தலையில் மீன்கூடை இல்லாமல் அவளைப் பார்த்தது அன்றுதான்.

"ஐயா, காலைல போலீசு வந்து வூட்ட பொரட்டிப் போட்டுட்டுப் போறாங்க. எங்க வூட்டுக்காரு ஓடிட்டாராம். இன்னா ஐயா இது? இன்னும் பதினெட்டு நாளுதான் கீது. பதினெட்டு நாளுக்காவ எவனாவது ஓடுவானா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. லாரில ஏத்தி அனுப்பிட்டோம்."

"நீ கண்ணால பாத்தியா, ஏறுனத?"

நான் பதில் சொல்வதற்குள் மணி ஆகிவிட்டது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு எழுந்து போய்ப் பன்னிரண்டு அடித்தேன். சற்று நேரத்தில் உள்ளே தட்டு ஆரம்பித்தது. முதல் நாள் இருந்த பலம் இல்லை. ஐந்தாறு தட்டுக்குப் பிறகு நின்று நின்று வந்தது. கன்னியம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

"உள்ள யாரோ கீறாங்க ஐயா."

"யாரும் இல்ல. காலி ஜெயிலு."

"தட்டுது பாரு."

அப்போதுதான் சொன்னேன். "அது பேயிம்மா. உச்சிவேளையில அப்படித்தான் தட்டும். இங்க தூக்குல தொங்கினவன் ஒருத்தன் இருக்கான். பொம்பளைங்க இங்க நிக்கக் கூடாது, போ."

உப்பு ஜெயிலில் தூக்குமேடையே கிடையாது. அந்தப் பேய் பிறந்த நேரம் புதன்கிழமை, உச்சிப்பொழுது. அவள் பயந்தமாதிரி எனக்குத் தெரியவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். திரும்பிப் போனாள். வழியில் குப்பத்துக்காரர்கள் இரண்டு பேர் அவளை நிறுத்திக் கேட்பதும், அவள் ஜெயிலைக் காட்டி ஏதோ சொல்வதும் தெரிந்தது. மாலைக்குள் அந்தக் கதை சாந்தோம் வரை வந்துவிட்டது. எங்கள் வீட்டில் என் தங்கையே என்னிடம் வந்து கேட்டாள்.

வியாழக்கிழமை கன்னியம்மா மறுபடி வந்தாள். மணி பத்தரை இருக்கும். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நேராகப் போய்த் தண்டவாளத்தின் கீழே கிடந்த கட்டையை எடுத்தாள். நான் எழுந்து ஓடுவதற்குள் ஐந்து அடி அடித்தாள். எண்ணி ஐந்து. அடித்துவிட்டுக் கட்டையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ரொம்ப நேரம் கழித்து ஐந்து.

"உச்சி ஆவறதுக்கு இன்னும் எவ்ளோ நேரம் கீது? பத்தரைக்கு அஞ்சு அடிச்சா அஞ்சு தட்டற பேயி எந்த ஊர்ல கீது, நைனா? கதவத் தொற" என்றாள்.

நான் ஓடினேன். சாயபு வீடு ராயப்பேட்டையில். எப்படிப் போனேன் என்று தெரியாது. "தட்டுறது எல்லப்பன், சாயபு. பானை எடுக்க நான்தான் அனுப்பினேன்" என்று மூச்சிரைக்கச் சொன்னேன். அவர் என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, "இப்ப சொன்னத வேற யாராண்டையும் சொல்லாதே" என்றார். அவர் ஆச்சரியப்படவே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

முத்திரையை உடைத்துத் திறந்தோம். உப்பறைக்குள் எல்லப்பன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் பானை இருந்தது. அந்தத் தண்ணீர்தான் மூன்று நாளும் அவனைப் பிழைக்க வைத்தது. கையில் தகரக் குவளை. அதன் விளிம்பு நசுங்கித் தட்டையாகியிருந்தது. கதவு திறந்த வெளிச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டு, "தொப்பி ஒண்ணு, எல்லாம் சரி சார்" என்றான். கிண்டலாகச் சொன்னானா, பிதற்றினானா, தெரியவில்லை. கன்னியம்மா எங்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

ஒரு வாரத்தில் சூப்பரிண்டெண்ட் திரும்பி வந்து விசாரணை வைத்தார். அதற்கு முந்தின நாள் சாயபு என்னைக் கபாலி கோயில் குளத்தோரம் அழைத்துக்கொண்டு போய் மெதுவாகப் பேசினார். அவர் சொன்னதன் சாரம் இதுதான். எல்லப்பன் கணக்கெடுப்பின்போது இருந்தான். பிறகு நழுவிப் போய் உப்பறையில் ஒளிந்தான். ஜெயில் காலியானதும் தப்பிக்க நினைத்தான். கதவைப் பூட்டிவிட்டதால் மாட்டிக்கொண்டான். இப்படியானால் நம் இருவர்மேலும் தப்பு இல்லை.

"ஆனா அவன் முதல் நாள்லேருந்து தட்டினானே சாயபு. ஒளிஞ்சவன் எதுக்குத் தட்டுவான்?"

"அதான் கேள்வி. அதுக்குத்தான் உன் பேய் இருக்கே" என்றார் சாயபு. "அந்தத் தட்டு எப்பவும் கேக்கறதுதான்னு சொல்லு. போன வருஷமும் கேட்டுதுன்னு சொல்லு. குப்பம் பூரா சாட்சி சொல்லுவான். நீ பொய் சொல்ல வேணாம், சவரி. ஊர் சொல்றதச் சொல்லு."

அவருக்கு ஏழு பிள்ளைகள். எனக்குத் தங்கை கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. அன்றைக்கு என் மண்டையில் இதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

சூப்பரிண்டெண்ட் மயிலாப்பூர்க்காரர். நிதானமானவர், சிடுசிடுப்பு கிடையாது. எல்லப்பனை ஒரு பக்கம் நிறுத்தியிருந்தார்கள். கன்னியம்மாவை உள்ளே விடவில்லை. பெண்சாதி சொல் செல்லாது என்றார்கள்.

"பானை எடுத்துண்டு வரச் சொல்லி நீ இவனை அனுப்பினியா?" என்று என்னைக் கேட்டார்.

"ஞாபகம் இல்லைங்க ஐயா."

"முதல் நாள்லேருந்து தட்டினேன்னு சொல்றான். வாசல்ல இருந்தவன் நீ. கேட்டுதா?"

"சத்தம் கேட்டதுங்க. அது அங்க எப்பவும் கேக்கறதுங்க. உச்சிவேளையில பேய் தட்டுதுன்னு ஜனங்க சொல்வாங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். எழுத்தரும் சிரித்தார். "பேயெல்லாம் ரிப்போர்ட்டுல எழுத முடியாதுப்பா" என்றார். அப்போது எல்லப்பன் பேசினான். ஒரு வாரச் சோற்றில் கொஞ்சம் தேறியிருந்தான்.

"ஐயா, ஒண்ணே ஒண்ணு அவராண்ட கேளுங்க. அந்தப் பேயி எத்தினி தபா தட்டிச்சு? மணி எத்தினியோ அத்தினி தட்டியிருந்தா அது நான்தான். தொப்பிக்காரன் தவுர யாரும் அப்டி தட்ட மாட்டாங்க. அத்த மட்டும் கேளுங்க."

சூப்பரிண்டெண்ட் சிரிப்பதை நிறுத்தினார். நல்ல கேள்வி என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது. என்னைப் பார்த்தார். "சொல்லு. எத்தனை?"

எல்லப்பன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் சொல்லிவிடுவேன் என்று அவன் நம்பினான் என்பது முகத்தில் தெரிந்தது. ஜெயிலில் என்னை நம்பிய ஒரே ஆள் அவனாகத்தான் இருக்கும்.

"எண்ணலைங்க ஐயா" என்றேன்.

எண்ணுவதற்குச் சம்பளம் வாங்குகிறவன் சொன்னது அது. சூப்பரிண்டெண்ட் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் எழுதிக்கொண்டார்.

எல்லப்பனுக்கு ஆறு மாதம் கூடியது. கறுப்புத் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிவப்புத் தொப்பி கொடுத்தார்கள். தப்ப முயன்றவனுக்கு அதுதான் அடையாளம். ஜப்பான்காரன் வரவில்லை. ஆனி மாதம் கைதிகளெல்லாம் உப்பு ஜெயிலுக்கே திரும்பி வந்தார்கள். எல்லப்பன் முற்றத்தில் தேங்காய் மட்டை அடிக்கும் வேலையில் இருந்தான். வரிசையில் குந்தும்போது மற்றவர்களைப் போல என் லத்திக்குத் தலையைக் குனிந்து கொடுப்பான். பேசமாட்டான்.

ஆடி மாதம் அவன் தகப்பனார் போய்விட்டார்.

காலையில் நான் வாசல் கதவின் சின்னத் திறப்பில் நின்றிருந்தேன். கன்னியம்மா வந்தாள். அழுது முடித்த முகம்.

"பெரியவரு போய்ட்டாரு. கொள்ளி வெக்கணும். ரெண்டு நாழி வுடுங்க, போலீசோட இட்டுக்கினு போங்க, வெலங்கு போட்டே இட்டுக்கினு போங்க."

சாயபு கையை விரித்தார். சிவப்புத் தொப்பிக்கு வெளியே போக அனுமதி இல்லை, அது சட்டம். ஓடினவன் மறுபடி ஓடுவான் என்பது அதன் காரணம். அதை அவளிடம் நான்தான் சொன்னேன்.

"ஓடினவரு வரக் கூடாதுன்றியா? சரி" என்றாள். "உள்ள ஒண்ணு தட்டிக்கினு இருந்துச்சே, உன் பேயி. அதுவாவது வரட்டும், அனுப்பு. வந்து எங்க மாமனுக்குக் கொள்ளி வெக்கட்டும்."

நான் திறப்பைச் சாத்தினேன். குப்பத்துக்குள் பறை கேட்க ஆரம்பித்தது, உச்சிக்குள் நின்றுவிட்டது. கன்னியம்மாவின் தம்பி கொள்ளி வைத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

எல்லப்பனிடம் யார் சொல்வது என்று சாயபு கேட்டார். நானே போனேன். மட்டை அடித்துக்கொண்டிருந்தான். சொன்னேன். கையை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தான். மற்றவர்கள் தள்ளிப் போய்விட்டார்கள்.

"யாரு வெச்சாங்க?"

"உன் மச்சான்."

தலையை ஆட்டினான். என் முகத்தைப் பார்க்காமலே கேட்டான். "இப்ப யாரும் இல்ல சார். அன்னிக்கி நீ எண்ணினியா, எண்ணலியா?"

"எண்ணினேன். பன்னெண்டு."

"அத்த அங்கியே சொல்லியிருக்கலாமே சார்" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கட்டையை எடுத்து மறுபடி மட்டை அடிக்க ஆரம்பித்தான்.

அந்த வருஷக் கடைசியில் அவன் விடுதலையானான். சாயபு பென்ஷன் வாங்கி, நிம்மதியாக வாழ்ந்து போய்ச் சேர்ந்தார். சுதந்திரத்துக்குப் பிறகு ஜெயிலை மூடினார்கள். அதன்பின் அந்தப் பேய்க்கு ஏகப்பட்ட சொந்தக்காரர்கள் முளைத்துவிட்டார்கள். நானும் எத்தனையோ இடங்களில் அந்தக் கதையைச் சொல்லக் கேட்டு, தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மலருக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு வார்த்தை. இதைப் பேய்க் கதை என்று தலைப்புக் கொடுத்துப் போடாதீர்கள். இது என் சாட்சியம், காலம் தப்பி வருகிறது. பானை எடுத்து வரச் சொல்லி எல்லப்பனை அனுப்பியவன் நான். அவர் ஒளியவில்லை, ஓடவில்லை. செவ்வாய்க்கிழமை உச்சிவேளையில் உப்பறையிலிருந்து பன்னிரண்டு தட்டுக் கேட்டது, நான் எண்ணினேன்.